எஃப்.எம்.இ.ஏ. ஷீட்டில் எதை முதலில் கவனிப்பது: ஆர்.பி.என். வழியா, ஏ.பி. வழியா?

வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் எஃப்.எம்.இ.ஏ. (எந்தப் பழுது நேரலாம், அதனால் என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே அலசும் முறை) ஷீட் நிரப்புகிறவர்கள் முன்னால் இன்று இரண்டு வழிகள் உண்டு. பழையது ஆர்.பி.என்., அதாவது ஆபத்து முன்னுரிமை எண். பழுது நேர்ந்தால் பாதிப்பு எவ்வளவு கடுமை, எவ்வளவு அடிக்கடி நேரும், வெளியே போகும் முன் பிடிபடுமா என்ற மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, மூன்றையும் பெருக்க வேண்டும். பிடிப்பது கடினமாக ஆக மூன்றாவது எண் கூடும். புதியது ஏ.பி., அதாவது நடவடிக்கை முன்னுரிமை. அமெரிக்காவின் ஏ.ஐ.ஏ.ஜி., ஜெர்மனியின் வி.டி.ஏ. என்ற இரண்டு வாகனத் தொழில் அமைப்புகளும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட கையேட்டில் வந்தது. இதில் பெருக்கல் இல்லை. அதே மூன்று எண்களை ஓர் அட்டவணையில் பார்த்து உயர், நடுத்தர, குறைந்த முன்னுரிமை என்று முடிவு செய்வார்கள்.

என் ஓட்டு ஏ.பி.க்குத்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

இரண்டு பழுதுகளை எடுத்துக்கொள்வோம். பிரேக் காலிப்பர் போல்ட் போதிய முறுக்கு இல்லாமல் போய்விடுகிறது: கடுமை 10, நேரும் வாய்ப்பு 4, போல்ட்டை முறுக்கும் டார்க் கருவியே தவறைக் காட்டி லைனை நிறுத்திவிடும் என்பதால் கண்டறிதல் 2. பெருக்கினால் 80. அடுத்தது, கதவுக் கண்ணாடி மெதுவாக ஏறுகிறது: 5, 5, 6. பெருக்கினால் 150. ஆர்.பி.என். 100-ஐத் தாண்டினால் மட்டும் நடவடிக்கை என்ற வழக்கம் பல இடங்களில் உண்டு. அங்கே கண்ணாடிக்குக் கூட்டம் போடுவார்கள், பிரேக் போல்ட்டை விட்டுவிடுவார்கள். ஏ.பி. அட்டவணையில் போல்ட் ‘உயர்’, கண்ணாடி ‘குறைந்த’.

காரணம் எளிது. இந்த மதிப்பெண்கள் தர வரிசை மட்டுமே. கடுமை 8 என்பது 4-ஐப் போல இரண்டு மடங்கு அல்ல. அப்படிப்பட்ட எண்களைப் பெருக்கி வரும் விடைக்குப் பொருள் கிடையாது. மூன்று எண்களின் 1000 சேர்க்கைகளுக்கு 120 விடைகள்தான் வரும். உயிரைப் பறிக்கும் பழுதும் வெறும் எரிச்சலூட்டும் பழுதும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். 100 என்ற எல்லை வைத்தால் இன்னொரு கேடு: 108 வந்ததும் கண்டறிதலை 4-இலிருந்து 3 ஆக்கினால் 81. ஷீட் சுத்தமாகிவிடும், லைனில் எதுவும் மாறியிருக்காது. எக்செலில் வரிசைப்படுத்த வசதி என்பதைத் தவிர ஆர்.பி.என். பக்கம் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

சரி, ஏ.பி.யில் ஓட்டையே இல்லையா? இருக்கிறது. அதே போல்ட்டுக்கு நேரும் வாய்ப்பை 4-க்குப் பதில் 3 என்று போட்டுப் பாருங்கள். ‘உயர்’ நேராகக் ‘குறைந்த’ ஆகிவிடும், நடுவில் படியே இல்லை. கடுமை 10 அப்படியேதான் இருக்கிறது. கடுமை 9, 10 உள்ளவற்றில் உயர், நடுத்தர முன்னுரிமை வந்தவற்றையாவது நிர்வாகம் பார்க்க வேண்டும் என்கிறது கையேடு; ‘குறைந்த’ வந்துவிட்டால் அதுவும் தப்பிவிடும். அதனால் 9, 10 வந்த எல்லாவற்றையும் ஏ.பி. என்ன சொன்னாலும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். 3 என்று எழுதுகிறவரிடம் ரிஜெக்‌ஷன் பதிவையும் வாரண்டி கணக்கையும் கேட்டு வாங்க வேண்டும். “நம்ம லைன்ல இது வராது சார்” என்பது ஆதாரம் ஆகாது.

கடுமையே தப்பாக இருந்தால் இரண்டு முறையும் கைவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் காரின் இக்னிஷன் ஸ்விட்ச் ஓடும்போதே நழுவி எஞ்சின் அணைந்தது. அதை நிறுவனத்துக்குள் பல ஆண்டுகள் வாடிக்கையாளர் வசதிப் பிரச்சினை என்றே வகைப்படுத்தினார்கள். ஸ்விட்ச் நழுவினால் ஏர்பேக்கும் விரியாது என்பதை அந்த வகைப்பாடு கணக்கில் எடுக்கவில்லை. 2014-இல் திரும்பப் பெற்றார்கள். இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. கடுமைக்கு 5 போட்டிருந்தால் எந்த அட்டவணையும் அதை உயிராபத்தாகக் காட்டியிருக்காது.

அப்புறம், பழைய ஷீட்டை ஏ.பி.க்கு மாற்றுகிறவர்கள் ஃபார்முலாவை மட்டும் மாற்றிவிட்டு நிற்கக்கூடாது. புதிய கையேட்டில் மதிப்பெண் அளவுகோல்களின் விளக்கங்களும் மாறியிருக்கின்றன. வடிவமைப்பு, உற்பத்தி, தரம் மூன்று துறைக்காரர்களும் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் புதிதாக மதிப்பெண் போட வேண்டும். கடுமை 9, 10 வரிகளிலிருந்து தொடங்குங்கள்.