முதல் நாவலை நானே போட்டேன் - கிண்டில், பிரிண்ட் ரெண்டுலயும் என் அனுபவம்

நாவல் எழுதி முடிச்சாச்சு, பதிப்பகம் பதில் போடற வரைக்கும் காத்திருக்காம நாமளே போட்டுடலாமான்னு யோசிக்கறவங்களுக்காக எழுதறேன். என்னோடது அமேசானோட இ-புக் தளமான கிண்டில்ல வந்து சில வருஷம் ஆச்சு, அப்புறம் பிரிண்ட்டும் போட்டேன்.

கிண்டில்ல போட பைசா செலவு இல்ல. பேன் கார்டும் பேங்க் அக்கவுண்ட்டும் வேணும், அமெரிக்க டேக்ஸ் ஃபார்ம் ஒண்ணு ஆன்லைன்லயே வரும், அதையும் பேன் நம்பர் வச்சே முடிச்சிடலாம். ராயல்டி 35 இல்லன்னா 70 சதவீதம், ஆனா இந்தியாவுல விக்கற காப்பிக்கு 70 வேணும்னா கேடிபி செலக்ட்ங்கற அவங்க திட்டத்துல சேரணும், சேந்துட்டா 90 நாளைக்கு அந்த இ-புக் வேற எங்கயும் இருக்கக் கூடாது, அதனால தொடர்கதையா ஏற்கனவே எங்கயாவது போட்டிருந்தீங்கன்னா முதல்ல அத எடுத்துடுங்க.

எனக்கு செலக்ட் நல்லாவே ஒத்து வந்துச்சு. புது ஆளோட புக்க காசு குடுத்து வாங்க தயங்கறவங்க கூட, செலக்ட்ல சேந்த புக் எல்லாம் வர்ற கிண்டில் அன்லிமிடெட்ல, அதாவது சந்தா கட்டி படிக்கற வசதியில இருந்தா எடுத்து பாப்பாங்க, படிச்ச பக்கத்துக்கு நமக்கு காசு வரும், அந்த மாசம் முடிஞ்சு கிட்டத்தட்ட ரெண்டு மாசம் கழிச்சு. படிக்கறவங்க பேரு தெரியாது, பக்கம் மட்டும் தான் டேஷ்போர்டுல தெரியும். ஒரு நாள் கிட்டத்தட்ட முழு நாவலோட பக்கமும் அப்படியே ஏறி நின்னுச்சு, யாரோ ஒரே மூச்சுல முடிச்சிருக்காங்க போலன்னு தோணுச்சு பாருங்க, அந்த சந்தோஷத்த எந்த ராயல்டியும் எனக்கு தரல.

பிரிண்ட் தனி உலகம். மொத்தமா அச்சடிக்கற ஆஃப்செட்ல சில நூறு காப்பி அடிச்சா தான் கட்டுப்படியாகும், ஆர்டர் வர வர அடிச்சுத் தர்ற பிரிண்ட் ஆன் டிமாண்ட்ல ஒரு காப்பிக்கான செலவு ஜாஸ்தி ஆனா வீட்டுல பண்டல் அடுக்கி வைக்க வேண்டாம். கடையில வச்சா விலையில 30, 40 சதவீதம் கழிவு கேப்பாங்க, அதுவும் வித்த பிறகு தான் காசு. ஒரு இடத்துல பேக்கேஜ்னு சொல்லி ஐஎஸ்பிஎன்னுக்கு, அதாவது புத்தகத்தோட அடையாள எண்ணுக்கு, தனியா பணம் கேட்டாங்க. தயவுசெஞ்சு குடுக்காதீங்க, அந்த எண்ணத் தர்ற அரசு அமைப்பான ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சியில எழுத்தாளரே அப்ளை பண்ணலாம், இலவசம்.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். நாம யூனிகோட்ல அடிச்சத லேஅவுட்டுக்காக பழைய ஃபாண்ட்டுக்கு மாத்துவாங்க, மாத்தறப்போ ஒகர ஓகாரமும் கிரந்த எழுத்தும் அங்கங்க உடையும், ஸ்கிரீன்ல பாத்தா கண்ணுக்கு தப்பிடும். அதனால மாத்தினதுக்கு அப்புறம் பேப்பர்ல ப்ரூஃப் எடுத்து வரி வரியா படிங்க. கிண்டில்லன்னா திருத்தின ஃபைல எப்ப வேணாலும் ஏத்திக்கலாம், அச்சுல அந்த வசதி கிடையாது.

அட்டைக்கு செலவு பண்றவங்க மெய்ப்பு பாத்து பிழை திருத்தறதுக்கு பண்றதில்ல, எனக்கு அது தான் வருத்தம். வல்லினம் எங்க மிகும் எங்க மிகாதுன்னு தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கண்டிப்பா குடுங்க. வாசகர் விமர்சனத்துல கதைக்கு முன்னாடி பிழையத் தான் பேசறாங்க, அப்படி பேசறதுல நியாயமும் இருக்கு. ரெண்டாவது நாவலுக்கும் முதல்ல கிண்டில் தான், ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் டிமாண்ட்ல பிரிண்ட்.