செடிக்குப் பெயர் எழுத பென்சிலா, மார்க்கரா, பீர் டப்பாவா?

எங்கள் வீடு மொரீஷியஸில், க்யூர்பிப் ஊரில். எப்போது பார்த்தாலும் தூறல். அக்கா வீடு ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரைப் பக்கம். மழை குறைவு, சுள்ளென்ற வெயில், உப்புக் காற்று. ஒரே பொட்டலத்து விதையைத்தான் பங்கிட்டுப் போடுகிறோம், லேபிளும் ஒரே மாதிரிதான். ஆனால் என் தோட்டத்தில் குச்சி மட்கும், அக்கா தோட்டத்தில் எழுத்து மறையும்.

ஐஸ் குச்சியை முதலிலேயே தள்ளிவிடலாம். தரைமட்டத்தில் ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பதால் பூஞ்சணம் அங்கேதான் பிடிக்கும், அங்கேயே ஒடியும். நாற்றங்காலுக்குப் போதும்.

அடுத்தது மார்க்கர். 'அழியாதது' என்று பேனாமேல் போட்டிருக்கிறார்களே, அது தண்ணீருக்கு மட்டும்தான். சாயம் புற ஊதாக் கதிரில் வெளுத்துவிடும். ஒரு வருடம் அக்கா இரண்டு வகை மிளகாய் போட்டார். பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும், ஒன்று மட்டும் நெருப்பு. காய்க்கும் நேரத்தில் லேபிள் பளிச்சென்று வெள்ளை. அந்தப் பருவம் முழுக்கக் கடித்துப் பார்த்துத்தான் பறித்தோம்.

சாதாரண பென்சில் இதைவிட எவ்வளவோ மேல். கிராஃபைட் வெறும் கரி. வெயிலில் வெளுக்காது, மழையில் கரையாது. தயிர் டப்பாவைப் பட்டையாக வெட்டி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, 2பி பென்சிலால் அழுத்தி எழுதினால் சரி. அடுத்த போகத்துக்கு ரப்பரால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். குறை பிளாஸ்டிக்கில்தான்: வெயில் பட்டுப் பட்டு நொறுங்கும். காய்கறிப் பாத்திக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

கரும்புக் காட்டோரம் குவிந்து கிடக்கும் எரிமலைக் கல்லில் பெயின்ட்டால் எழுதுவதும் உண்டு. காற்று அசைக்காது, ஆனால் புல் மூடிவிட்டால் தேட வேண்டும்.

மரங்களுக்கு பீர் டப்பாவை மிஞ்ச ஆளில்லை. அலுமினியத்தை வெட்டி, பழைய செய்தித்தாள் அடுக்கின்மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தினால் எழுத்து பள்ளமாகவே பதியும். மையே இல்லை, அப்புறம் எது வெளுக்கும்? (தமிழில் எழுதும்போது புள்ளியை மெதுவாக வையுங்கள், என் 'எலுமிச்சை'யில் 'ச்' எழுத்தின் புள்ளி ஓட்டையாகிவிட்டது.) ஓரம் கையைக் கிழிக்கும், மடித்துவிடுங்கள். தகடு மெல்லியது என்பதால் துளையிட்ட இடம் காற்றில் ஆடி ஆடிக் கிழியும். 2024 ஜனவரியில் பெலால் சூறாவளிக்கு எனக்கு இரண்டு போயின. இப்போது துளை போடும் இடத்தை இரண்டாக மடிக்கிறேன்.

கட்டும் கம்பி செம்பாக இருக்க வேண்டாம். உப்பு ஈரத்தில் செம்பு தொட்ட இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும். அக்கா வீட்டில் அப்படித்தான் தகடு கீழே கிடந்தது. அலுமினியக் கம்பியையே கிளை பருக்க இடம்விட்டுத் தளர்வாகச் சுற்றுங்கள். எங்கள் கறிவேப்பிலைக்கு மட்டும் லேபிள் கிடையாது. கிரியோல் பேசும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அது 'காரிபுலே'தான், யாரும் பெயர் கேட்டதில்லை.