ஷோரூமில் எரித்த கமாடோவைப் புதுசு என்று விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

ஹூஸ்டன் பக்கம் கமாடோ அடுப்பு வாங்க இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வாடிக்கையாளர்களுக்குச் சமைத்துக் காட்டுவதற்காக எரித்து எரித்துப் பழசாகிப்போன ஒரு அடுப்பை, கழுவித் துடைத்து, புத்தம் புதுசு என்று சொல்லி முழு விலைக்கு எனக்கு விற்றிருக்கிறார்கள்.

கமாடோ என்பது ஜப்பானிய அடுப்பின் வழிவந்த, முட்டை வடிவிலான செராமிக் கரி அடுப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படைவீரர்கள் வழியாக இங்கே வந்தது. 1974-இல் அட்லாண்டாவில் பிக் கிரீன் எக் தொடங்கிய பிறகு நன்றாகப் பரவியது. இதன் சூட்சுமம் எல்லாம் காற்றில்தான் இருக்கிறது. கீழே ஒரு வாய், மேலே ஒரு வாய், இந்த இரண்டைத் தவிர வேறு எங்கும் காற்று புகக் கூடாது. அப்படி இருந்தால்தான் ஒருமுறை கொட்டிய கரியிலேயே 225 டிகிரி பாரன்ஹீட்டில் ராத்திரி முழுக்க இறைச்சி நிதானமாக வேகும். இரண்டையும் மூடினால் நெருப்பு அணைந்து, மிச்சக் கரி அடுத்த சமையலுக்கு ஆகும்.

எனக்கு வந்த அடுப்பில் இது எதுவுமே நடக்கவில்லை. ஆட்டுத்தொடையை வைத்து, இரண்டு வாயையும் நூலளவு மட்டும் திறந்து வைத்தேன். முள் 250-ஐத் தாண்டி 350-க்குப் போய் நின்றது. முழுசாக மூடியும் இறங்கவில்லை. காலையில் பார்த்தால் அவ்வளவு கரியும் சாம்பல். கறியில் வேறு மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. நான் கரி பற்றவைக்க எந்தத் திரவமும் ஊற்றவில்லை. முன்னால் யாரோ ஊற்றியிருக்கிறார்கள். உள்ளே பூச்சில்லாத செராமிக் அந்த எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் லேசில் போகாது. கமாடோவில் அந்தத் திரவத்தை ஊற்றவே கூடாது என்பது இதனால்தான்.

உள்ளே இருந்த கரிக் கிண்ணத்தை வெளியே தூக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்வாய்க்கு வலப்பக்கம், அடிச்சுவரில், மயிரிழை போல ஒரு விரிசல். அதற்குள் கரி இறங்கிக் கறுத்திருந்தது. புதுசில் விழுந்த விரிசல் என்றால் உள்ளே வெள்ளையாக அல்லவா இருக்க வேண்டும்? மூடி ஓரத்தில் காற்றை அடைக்கும் ஃபெல்ட் பட்டை மட்டும் புதியது. அதன் அடியில் கருகிப்போன பழைய பசை அப்படியே இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கரிக் கிண்ணத்தில் விரிசல் விழுவது சகஜம், அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அடிச்சுவரிலோ மூடியிலோ இருந்தால் விடாதீர்கள்.

கடையில் கேட்டால், "செராமிக் அப்படித்தான் இருக்கும், நீங்கள் சூட்டை ஏற்றிவிட்டீர்கள்" என்று பழியை என் மேலேயே போட்டார்கள். சரி, வாழ்நாள் வாரண்டி இருக்கிறதே என்று தயாரித்த நிறுவனத்தைக் கூப்பிட்டேன். சீரியல் நம்பர் ஏற்கெனவே வேறு பெயரில் பதிவாகியிருந்தது. அது மட்டுமல்ல, கடைக்காரர் அவர்களுடைய அங்கீகாரம் பெற்ற டீலரே இல்லை. இந்த வாரண்டிகள் பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வாங்கிய முதல் ஆளுக்குத்தான் செல்லும். இது கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது.

ஆகவே பணம் கட்டும் முன் டீலர் பெயரை நிறுவனத்தின் இணையதளத்தில் தேடுங்கள். பில்லில் சீரியல் நம்பரையும் "பயன்படுத்தாதது" என்பதையும் எழுதி வாங்குங்கள். டெலிவரி ஆட்கள் கிளம்பும் முன்பே மூடியின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், கையில் கரி ஒட்டக் கூடாது. ஒரு டாலர் நோட்டை மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே வைத்து மூடி, சுற்றிலும் இழுத்துப் பாருங்கள், எங்கும் இறுக்கமாக இருக்க வேண்டும். அப்புறம் சின்னதாகக் கரி மூட்டுங்கள். மேல்வாயைத் தவிர வேறு எங்கு புகை கசிந்தாலும் உடனே போட்டோ எடுத்துவிடுங்கள். மூடியைத் திறக்கும்போது மட்டும் கவனம்: முதலில் இரண்டு விரல் அளவு தூக்கிக் காற்றை உள்ளே விட்டு, பிறகு முழுசாகத் திறங்கள். சட்டென்று திறந்தால் நெருப்பு முகத்துக்கே வரும்.

க்ரெடிட் கார்டு நிறுவனத்தில் போட்டோக்களோடு புகார் கொடுத்திருக்கிறேன். கடையில் இப்போது வேறு பொருளாக மாற்றித் தருகிறேன் என்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த அடுப்பைத் திரும்ப எடுத்துப்போனால் மறுபடியும் விற்பார்கள் என்ற பயம் எனக்கு இருக்கிறது. பச்சை நிறம், 18 அங்குலம், கீழ்வாய்க்கு வலப்பக்கம் கறுத்த விரிசல். கண்ணில் பட்டால் வாங்காதீர்கள்.