ஃபார்முலா 2 இருக்கைகள், 2025: கொடுக்கும் காசுக்கு எந்த அணி எதைத் தருகிறது?

ஃபார்முலா 1க்கு ஒரு படி கீழே நடக்கும் கார் பந்தயத் தொடரான ஃபார்முலா 2 நமக்கு விளையாட்டு. அதில் ஓட்டும் 22 பேருக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் அது முதலில் விலை கொடுத்து வாங்கும் ஒரு சேவை. ஓர் ஆண்டு இருக்கைக்கு முப்பது லட்சம் யூரோ வரை ஆகிறது என்பது பந்தய வட்டாரத்தில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஃபார்முலா 1 அணி ஒன்றின் பயிற்சித் திட்டம் அதில் ஒரு பங்கை ஏற்கலாம், விளம்பரதாரர் ஒரு பங்கை ஏற்கலாம், மீதி பெரும்பாலும் குடும்பத்தின் தலையில் விழும். அவ்வளவு பணம் கொடுத்தும் மற்றவரிடம் இல்லாத காரை வாங்க முடியாது. 11 அணிகளும் ஓட்டுவது ஒரே டல்லாரா கார், ஒரே மெக்காகுரோம் 3.4 லிட்டர் டர்போ வி6 எஞ்சின், ஒரே பிரெல்லி டயர். அப்படியானால் அணிகள் விற்பது எதை என்ற கேள்வியோடுதான், 2025 மார்ச் 14 அன்று மெல்பர்னில் பருவம் தொடங்கும் முன்பு, அதன் அணி மாற்றங்களை ஒரு நுகர்வோரின் கண்ணால் மதிப்பிட்டு இதை எழுதினேன்; இங்கே ‘இவ்வாண்டு’ என்பது 2025.

என் அக்கா மகன் சில ஆண்டுகள் கார்ட் என்னும் சிறுவண்டிப் பந்தயம் ஓட்டினான். ஒரு பருவத்தின் நடுவில், பெயர் பெற்ற வேறோர் அணிக்கு அவனை மாற்றினோம். புதிய அணியில் வண்டி பளபளப்பாக இருந்தது, கூடாரம் பெரிதாக இருந்தது, ஆனால் முதல் நாளிலிருந்தே அவன் ஒரு சுற்றுக்கு அரை நொடி பின்தங்கினான். பழைய மெக்கானிக் அவனுடைய உயரத்துக்கும் எடைக்கும் ஏற்ப இருக்கையைச் சற்றே பின்னுக்குத் தள்ளிப் பொருத்தியிருந்தார் என்பதும், புதியவர்கள் தங்கள் வழக்கமான அளவிலேயே பொருத்தியிருந்தார்கள் என்பதும் நான்கு பந்தயங்கள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு விரல்கட்டை அளவு இடைவெளிதான் அது. அதைச் சரிசெய்தபோது பருவம் முடியும் தறுவாயில் இருந்தது. அன்றிலிருந்து அணி மாற்றச் செய்தி எதைப் படித்தாலும், அந்த ஓட்டுநரோடு இனி யார் உட்கார்ந்து பேசப் போகிறார்கள் என்பதையே முதலில் யோசிக்கிறேன்.

ஃபார்முலா 2இல் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது, ஏனென்றால் அங்கே நேரமே கிடையாது. பருவத்துக்கு முன்பு பார்சிலோனாவில் மூன்று நாள் சோதனை ஓட்டம். பிறகு ஒவ்வொரு வாரயிறுதியிலும் 45 நிமிடப் பயிற்சி, அதைத் தொடர்ந்து புறப்பாட்டு வரிசையைத் தீர்மானிக்கும் 30 நிமிடத் தகுதிச் சுற்று, அவ்வளவுதான். டயர் தன் முழுப் பிடிமானத்தைத் தருவது ஓரிரு சுற்றுகளுக்கு மட்டுமே என்பதால், அந்தச் சுற்றுக்கு முன் எவ்வளவு மெதுவாக ஓட்டிச் சூடேற்ற வேண்டும், எந்த இடைவெளியில் தடத்துக்குள் போக வேண்டும், காற்றழுத்தம் எவ்வளவு என்பதையெல்லாம் சொல்லித்தரும் பொறியாளரே அணி விற்கும் சரக்கு. ஞாயிற்றுக்கிழமைப் பிரதான பந்தயத்தில் கட்டாய டயர் மாற்றம் இருப்பதால், பிட் குழுவின் கையும் அந்தச் சரக்கில் சேரும்.

இந்த அளவுகோலில் இன்விக்டாவே இவ்வாண்டு முதலில் நிற்கிறது. கடந்த ஆண்டு ஓட்டுநர் பட்டம், அணிப் பட்டம் இரண்டையும் வென்ற அணி, 2025இல் தன் இரு இருக்கைகளிலும் புதியவர்களை உட்கார வைத்திருக்கிறது. சாம்பியனான ஓட்டுநர் மீண்டும் இத்தொடரில் ஓட விதி இடம் தராது என்பதால் கேப்ரியல் போர்டொலெட்டோவின் இருக்கை காலியானது இயல்பு. அவர் சாபர் அணியோடு ஃபார்முலா 1க்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு வரும் லியோனார்டோ ஃபோர்னரோலி அதே பாதையில்தான் வருகிறார் என்பது என் கவனத்தை ஈர்த்தது. போர்டொலெட்டோ 2023இல் டிரைடென்ட் அணியில், இதற்கு ஒரு படி கீழுள்ள ஃபார்முலா 3 தொடரின் பட்டம் வென்றார், மறு ஆண்டு இன்விக்டாவுக்கு வந்தார். ஃபோர்னரோலி 2024இல் அதே டிரைடென்டில் அதே பட்டத்தை வென்று, இப்போது அதே கதவைத் தட்டியிருக்கிறார். அந்தப் பருவம் முழுவதும் ஒரு பந்தயத்தைக்கூட வெல்லாமல் பட்டத்தை எடுத்தவர் அவர். அதைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை: வாரந்தோறும் புள்ளி சேர்க்கும் ஓட்டுநருக்கு, வாரந்தோறும் பிழையில்லாமல் இயங்கும் அணியைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. மோன்சாவில் போர்டொலெட்டோ கடைசி இடத்திலிருந்து புறப்பட்டுப் பிரதான பந்தயத்தை வென்றாரே, அதில் அவருடைய திறமைக்குச் சமமாக அணியின் டயர் உத்திக்கும் பங்குண்டு. ஃபோர்னரோலிக்குத் துணையாக வரும் ரோமன் ஸ்டானேக் மூன்றாம் ஆண்டுக்காரர். கடந்த ஆண்டு டிரைடென்டில் இருந்துகொண்டே மெல்பர்னில் ஸ்பிரின்ட் என்னும் சனிக்கிழமைக் குறும்பந்தயத்தை வென்றவர். மேலான சேவை கிடைத்தால் அவரால் எவ்வளவு முடியும் என்பதை இந்த ஆண்டுதான் காட்டும்.

இதே இன்விக்டாவை விட்டுத்தான் நம் இந்திய ஓட்டுநர் குஷ் மைனி டாம்ஸ் அணிக்குப் போகிறார். சாம்பியன் அணியை விட்டு வெளியேறுவது பின்னடைவு என்று பலர் எழுதிவிட்டார்கள். நான் அப்படிக் கருதவில்லை. கடந்த ஆண்டு பஹ்ரைனில் முதலிடத் தகுதி பெற்று, காரில் காணப்பட்ட தொழில்நுட்பக் குறையால் அது பறிக்கப்பட்ட நிலையில் பருவத்தைத் தொடங்கியவர் மைனி. ஹங்கேரியில் கிடைத்த அவருடைய முதல் வெற்றிகூட, முன்னால் முடித்த ரிச்சர்ட் வெர்ஷூர் தகுதிநீக்கம் செய்யப்பட்ட பிறகே கைக்கு வந்தது. மேடையில் உச்சிப் படியில் நிற்கும் நிமிடம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதே பட்டறையில் அடுத்த கார் பட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, அவர் பருவ முடிவில் முதல் பத்துக்குள் வரவில்லை. ஒரே கார், ஒரே அணி, ஆனால் முடிவு வேறு என்னும்போது ஓட்டுநரையே குறை சொல்வது எளிது. ஆனால் சேவை என்பது வாடிக்கையாளரைப் பொறுத்தும் மாறும். ஒருவருக்குப் பொருந்திய கார் அமைப்பு இன்னொருவருக்குப் பொருந்தாமல் போவது இத்துறையில் அன்றாடம் நடப்பது.

பிரான்சின் லெ மான் நகரைச் சேர்ந்த டாம்ஸ் அணியில் அவருக்குக் கிடைப்பது, ஏற்கெனவே ஓராண்டு அங்கே பழகிவிட்ட ஜாக் கிராஃபர்டின் துணை. பார்சிலோனாவில் கடந்த ஆண்டு பிரதான பந்தயத்தை வென்ற கிராஃபர்ட் அங்கேயே தொடர்வதால், அந்தக் காருக்கான அடிப்படை அமைப்பு கையில் தயாராக இருக்கும். மைனி அதிலிருந்து தன் பாணிக்கு ஏற்ப விலகிப்போகலாம். இரண்டு இருக்கைகளிலும் புதியவர்கள் இருக்கும் அணியில் இந்த வசதி கிடையாது. ஃபார்முலா 1இன் ஆல்பைன் அணியின் மாற்று ஓட்டுநர் பொறுப்பும் இவ்வாண்டு அவருக்கு வந்திருக்கிறது. ஆகவே இது அவருக்கு மூன்றாவது வாய்ப்பு என்பதைவிட, முதல்முறையாகச் சரியான தளத்தில் கிடைத்த வாய்ப்பு என்றே எடுத்துக்கொள்கிறேன். இவர் வெல்ல வேண்டும் என்று மனதார விரும்புகிறேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

அணி மாற்றம் ஒருவருடைய வாழ்க்கையை எவ்வளவு திருப்பும் என்பதற்குச் சென்னைக்காரர்களுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. இத்தொடர் ஜிபி2 என்ற பெயரில் நடந்த காலத்தில் சென்னையின் கருண் சந்தோக் மூன்று ஆண்டுகளில் மூன்று அணிகளில் ஓட்டினார். 2007இல் டுராங்கோவில் இருந்தபோது ஸ்பாவில் ஒரு வெற்றி, 2008இல் ஐஸ்போர்ட்டில் புருனோ சென்னாவுக்குத் துணையாக இருந்தபோது ஹாக்கன்ஹைமில் ஒரு வெற்றி. 2009இல் புதிதாகத் தொடங்கிய ஓஷன் அணிக்குப் போனபோது வெற்றி ஏதுமில்லை. அவருடைய கையும் காலும் அந்த ஓராண்டில் மறந்துபோய்விடவில்லை.

பிரேமாவைப் பற்றி என் மதிப்பீடு சற்றுக் கறாராகவே இருக்கும். லெக்லெர், ஷூமாக்கர், பியாஸ்ட்ரி என்று சாம்பியன்களின் வரிசையைக் காட்டி இருக்கை விற்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் கடந்த ஆண்டு ஆலிவர் பேர்மனும் கிமி அன்டோனெல்லியும் ஒன்றாக இருந்தும் அந்த அணி பட்டப் போட்டியில் இல்லை. 2024இல் எல்லா அணிகளுக்கும் வந்த புதிய காரை மற்றவர்கள் புரிந்துகொண்ட வேகத்தில் அவர்கள் புரிந்துகொள்ளவில்லை. அவ்விருவரும் இப்போது ஃபார்முலா 1இல். அவர்களுக்குப் பதிலாக வரும் கேப்ரியலே மினியும் செபாஸ்டியன் மொன்டோயாவும் ஃபார்முலா 3இலிருந்து ஏறுபவர்கள். இரு புதுமுகங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அதே ஆண்டில் அமெரிக்காவின் இண்டிகார் தொடரிலும் பிரேமா முதல்முறையாகக் கால் வைக்கிறது. முழு விலை கொடுக்கும் பெற்றோராக நான் இருந்திருந்தால், அணியின் தலைசிறந்த கைகள் எந்தக் கண்டத்தில் இருக்கப்போகின்றன என்று கையெழுத்திடும் முன் கேட்டிருப்பேன்.

கேம்போஸ் அதற்கு நேரெதிர். கடந்த ஆண்டு ஐசக் ஹஜ்ஜாரை இறுதிப் பந்தயம் வரை பட்டப் போட்டியில் வைத்திருந்த அணி அது. அபுதாபியில் பிரதான பந்தயத்தின் புறப்பாட்டில் அவருடைய கார் நின்றுபோனதை நேரலையில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 21 கார்களும் இருபுறமும் விலகிப் பாய, ஒரே ஒரு கார் மட்டும் தன் கட்டத்திலேயே அசையாமல் நின்றது. ஓராண்டு உழைப்பு சில நொடிகளில் முடிந்தது. ஹஜ்ஜார் ஃபார்முலா 1இன் ரேசிங் புல்ஸ் அணிக்குப் போய்விட்டார், பெப்பே மார்ட்டி தொடர்கிறார், காலியான இருக்கைக்கு 17 வயது ஆர்விட் லிண்ட்பிளாட் வருகிறார். தாய்வழியில் இந்திய வேர் கொண்ட இந்தப் பிரிட்டிஷ் இளைஞர், கடந்த ஆண்டு சில்வர்ஸ்டோனில் ஃபார்முலா 3இன் இரு பந்தயங்களையும் ஒரே வாரயிறுதியில் வென்றவர். பழகிய ஒருவர், பசியோடு வரும் ஒருவர் என்ற இந்தச் சேர்க்கையே இவ்வாண்டுப் பட்டியலில் எனக்கு ஆகப் பிடித்தது.

ஹைடெக் அணி டொயோட்டாவின் பெயரைச் சேர்த்துக்கொண்டு லூக் பிரவுனிங், டினோ பெகனோவிச் இருவரோடு வருகிறது. ஆனால் டொயோட்டாவின் சொந்தப் பிள்ளையான ரிட்டோமோ மியாட்டா ரோடினிலிருந்து ஏ.ஆர்.டி. அணிக்குப் போயிருக்கிறார். 2023இல் ஜப்பானில் சூப்பர் ஃபார்முலா, சூப்பர் ஜிடி பட்டங்கள் இரண்டையும் வென்ற அவர், ஐரோப்பியத் தடங்களையும் பிரெல்லி டயரையும் கற்கவே ஓராண்டைச் செலவிட்டார். ஏ.ஆர்.டி.யில் விக்டர் மார்ட்டின்ஸ் மூன்றாம் ஆண்டாகத் தொடர்வதால், மியாட்டாவுக்கு இது நல்ல வாங்கல். மார்ட்டின்ஸுக்கோ இதே அணியில் இனியும் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது என்ற ஐயம் எனக்கு உண்டு.

எம்.பி. மோட்டார்ஸ்போர்ட்டில் அமரும் வெர்ஷூரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2021இல் இதே அணியில்தான் தொடங்கினார். பிறகு டிரைடென்ட், வான் அமர்ஸ்ஃபோர்ட் என்று சுற்றி, போன இடத்திலெல்லாம் எப்படியோ வெற்றி ஒன்றை எடுத்துக்கொண்டு, இப்போது ஐந்தாம் ஆண்டைத் தன் முதல் வீட்டிலேயே ஓட்டுகிறார். ஆலிவர் கேத்தே அவருக்குத் துணை. ரோடினில் அலெக்ஸ் டன் வேகக்காரர், அமோரி கோர்டீல் அனுபவக்காரர். வான் அமர்ஸ்ஃபோர்ட்டின் ஜான் பென்னெட், ரஃபேல் வில்லகோமெஸ் இணையிடம் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. டிரைடென்ட் என்னைப் புதிரில் ஆழ்த்துகிறது: ஃபார்முலா 3இல் அடுத்தடுத்து இரு சாம்பியன்களை உருவாக்கிய அந்த நிறுவனத்தின் ஃபார்முலா 2 இருக்கையை, அந்தச் சாம்பியன்கள் இருவருமே வாங்கவில்லை. மாக்ஸ் எஸ்டர்சனும் சாமி மெகெட்டுனிஃபும் அங்கே ஓட்டுகிறார்கள்.

பணம் தீர்ந்துபோவதும் இந்தச் சந்தையின் உண்மை. கடந்த ஆண்டு மொனாகோவில் பிரதான பந்தயத்தை வென்ற ஜாக் ஓ’சல்லிவன், நிதி இல்லாமல் பருவம் முடியும் முன்பே இருக்கையைக் காலி செய்தார். அதனால்தான், விலைக்கேற்ற மதிப்பு என்று பார்த்தால் என் முதல் பரிந்துரை ஏஐஎக்ஸ் அணியில் தொடரும் பராகுவே நாட்டு ஜோஷுவா டியூர்க்சனின் முடிவே. பெரிய அணிகளை நோக்கி ஓடாமல், தன் கையையும் காரையும் அறிந்த சிறு அணியிலேயே இரண்டாம் ஆண்டும் இருக்கிறார்; அபுதாபியில் ஹஜ்ஜாரின் கார் நின்றுபோன அதே பந்தயத்தை வென்றவர் அவர்தான்.

மெல்பர்ன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், முதல் வாரயிறுதியைப் பார்க்க விடியலிலேயே எழ வேண்டும். வெள்ளிக்கிழமைத் தகுதிச் சுற்றில் டாம்ஸின் இரு கார்களுக்கும் இடையில் எத்தனை பத்தில் ஒரு நொடிகள் இருக்கின்றன என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.