நாட்டுக்கோழிக் கொட்டகையில் எலி: கூகை, பூனை, சாரையை நம்பிய சில வருட அனுபவம்

கோபிசெட்டிபாளையம் பக்கம் நெல்லும் தென்னையும் இருக்கிற தோட்டத்தில் சிறுவிடைக் கோழி வளர்க்கிறோம். நெல் அறுப்பு முடிந்தால் போதும், வயல் எலியெல்லாம் கொட்டகைக்குக் குடிவந்துவிடும். கம்பும் குருணையும் தின்பதோடு விடாது. முட்டையை உருட்டிக்கொண்டு போகும், ராத்திரியில் குஞ்சின் காலைக் கடித்து இழுக்கும். எலிக்காய்ச்சல் பயம் வேறு. கோழி அடைகாப்பதும் 21 நாள், எலி சினையாக இருப்பதும் ஏறக்குறைய அதே 21 நாள்தான். பொறியில் ஒன்றிரண்டு பிடித்து அந்த வேகத்தை எட்ட முடியாது.

விஷத்தை அடியோடு நிறுத்தியதுதான் இதில் முதல் வேலை. எலி கேக் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். ஆந்தைக்கும் பூனைக்கும் சுலபமாகக் கிடைப்பது அந்த எலிதான், விஷமும் அதோடு சேர்ந்தே போகும். பொரியில் கலந்து வைக்கும் மருந்தைக் கோழியே கொத்திவிடும். ஒரு பக்கம் விஷம் வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் ஆந்தையை எதிர்பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

இத்தனை வருடத்தில் அதிகம் உழைத்தது கூகைதான், ஊரில் சாக்குருவி என்று சொல்கிற ஆந்தை. அது உட்கார வரப்போரம் ஆளுயரத்துக்கு மேல் T வடிவில் மூங்கில் குச்சிகள் நட்டோம். மோட்டார் ரூம் சுவரில், எட்டாத உயரத்தில், மழை அடிக்காத பக்கமாக ஒரு மரப்பெட்டி மாட்டினோம். பக்கத்துத் தோட்டத்து ஆத்தா, "ஏனுங்க, சாக்குருவிக்குப் போயி ஆராச்சும் பொட்டி கட்டுவாங்களா?" என்று கேட்டார். கூகையைப் பிடித்துவந்து விட முடியாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இடம் செய்துவைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். குச்சிக்குச் சீக்கிரமே வந்துவிட்டது; பெட்டிக்குள் குடியேற ஒரு வருடத்துக்கு மேலாயிற்று.

பெட்டிக்குக் கீழே கட்டைவிரல் பருமனில் சாம்பல் நிற உருண்டைகள் கிடக்கும். கூகை எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் கக்கிப் போடுவது அது. தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் உள்ளே சின்னச் சின்ன மண்டையோடுகள் இருக்கும், ஆரஞ்சு மஞ்சளில் வளைந்த எலிப் பற்களோடு. சிலவற்றில் மூஞ்சூறும் உண்டு. நான் பிரித்துப் பார்த்தவற்றில் கோழிக்குஞ்சின் இறகோ எலும்போ இருந்ததில்லை. கோழியைத் தூக்குகிற ஆந்தை வேறு, அது பெரிய கொம்பன் ஆந்தை. எதுவானாலும் பொழுது சாயும்போது கோழிகளை அடைத்துவிடுவதால் அந்தப் பிரச்சினையே எழவில்லை.

அதே குச்சிகளில் பகலில் கரிச்சான் குருவி வந்து உட்கார ஆரம்பித்தது நான் எதிர்பார்க்காத லாபம். காக்கையோ வல்லூறோ தாழப் பறந்தால் விரட்டி விரட்டிக் கொத்துகிறது. தாய்க்கோழியோடு மேயும் குஞ்சுகள் இப்போது முன்னைவிடக் குறைவாகவே களவு போகின்றன.

பூனை பாதி உதவிதான். குட்டியிலிருந்தே பெரிய கோழிகளோடு வளர்ந்த பூனை கோழிக்கு அடங்கியிருக்கும். சுண்டெலியையும் நடுத்தர எலியையும் நன்றாகப் பிடிக்கும். பெருச்சாளி என்றால் ஒதுங்கிவிடும். பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வேளைக்குச் சோறு கிடைக்கிற பூனைதான் வீட்டைச் சுற்றி நிற்கிறது. வெளியிலிருந்து வரும் கடுவன் பூனை குஞ்சு தூக்கும், அதை நாய் பார்த்துக்கொள்கிறது. பெருச்சாளி வளையைத் தோண்டுவதும் எங்கள் நாட்டுநாய்தான்.

சாரைப்பாம்பு வைக்கோல் போர்ப் பக்கம் வந்துபோகும். விஷமில்லாதது, எலி வளைக்குள்ளேயே நுழைந்து பிடிக்கும் என்பதால் அதை அடிக்க விடுவதில்லை. ஆனால் கொட்டகைக்குள் வந்தால் முட்டையும் குஞ்சும் அதற்கு இரைதான். அதனால் முட்டைகளைச் சாயங்காலமே எடுத்துவிடுகிறோம், அடைக்கோழியைக் கம்பிவலைக் கூண்டில் வைக்கிறோம். எலி இருக்கிற இடத்துக்கு நல்லபாம்பும் வரும். அப்படி வந்தால் சும்மா விட்டுவைக்க முடியாது, தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லிவிடுவோம். கீரியும் எலி தின்னும், ஆனால் கோழி இருக்கும் வீட்டில் அதனால் நஷ்டமே அதிகம்.

எலி முழுசாக ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. கூகை வயலையும் தோப்பையும் பார்த்துக்கொள்ளும், பரணுக்குள் வராது. அங்கே இன்னும் பொறிதான். தீவனம் மூடி போட்ட டிரம்மில் இருக்க வேண்டும், சிந்தியதை இருட்டும் முன் கூட்டிவிட வேண்டும், கொட்டகையைச் சுற்றி அரை அங்குல வெல்டு மெஷ் அடிக்க வேண்டும். சாதாரணக் கோழிவலை எலிக்குத் தடையே இல்லை. ஊருக்குள் சின்ன இடத்தில் கோழி வைத்திருப்பவர்கள் பெட்டிக்குச் செலவழிப்பதைவிட இந்த மெஷ்ஷுக்குச் செலவழிப்பதே நல்லது. தோட்டம் இருப்பவர்கள் பெட்டி மாட்டும் முன் பக்கத்துக் காட்டுக்காரரிடம் எலி கேக் வைக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். கூகை இரவில் அவர் வயலுக்கும் போகும்.