அத்தைக்கு நான் டப்பிங் பேசும் பிலிப்பைன்ஸ் சீரியல்கள்

"இன்னாம்மா இவ, வந்ததுலேருந்து அழுதுகினே கீறா?" என்று என் மாமியார் கேட்டபோது டிவியில் ஓடிக்கொண்டிருந்தது தமிழ் சீரியலே இல்லை, பிலிப்பைன்ஸ் சீரியல். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "இவ புருஷன் வேற ஒருத்தியோட சுத்தறான், அதானே?" என்றார். அதேதான். ஒரு வார்த்தை புரியாமலே கதையைச் சொல்லிவிட்டார். இது அந்த சீரியலுக்குப் பெருமையா சிறுமையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்தப் பழக்கம் வந்தது தங்கை மகளால். அவள் பிலிப்பைன்ஸில் தவாவ் நகரத்தில் டாக்டருக்குப் படிக்கிறாள். போன லீவுக்கு வேலூர் சத்துவாச்சாரிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள் டிவியில் யூடியூபைப் போட்டு, அங்கே அவள் தங்கியிருக்கிற வீட்டு அம்மா தினமும் ராத்திரி பார்க்கிற சீரியல்களை ஓட விட்டாள். தவாவில் வீட்டுப் பேச்சு பிசாயா, டிவி பேச்சு தகலோக், நோயாளிகளிடம் பேச இரண்டும் வேண்டும், அதனால் சீரியல் பார்ப்பதும் படிப்புதான் பெரியம்மா என்று ஒரு விளக்கம் வேறு. லீவு முடிந்து அவள் போய்விட்டாள். பழக்கம் எங்களிடம் தங்கிவிட்டது. எட்டு மாதமாக ராத்திரி ஒன்பது மணிக்கு நானும் அத்தையும் உட்கார்ந்துவிடுகிறோம். அவருக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் படிக்க வராது, நான் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும், ஆக ஹீரோயின், வில்லி, போலீஸ், பாதிரியார் எல்லாருக்கும் குரல் நான்தான்.

அங்கே இதற்கு தெலெசெர்யே என்று பெயர். முதலில் சொல்லிவிடுகிறேன், கதை என்று பார்த்தால் நம் ஊர் சரக்குதான். 1992 முதல் 1997 வரை ஓடிய 'மாரா க்ளாரா'வில் பிறந்த அன்றே இரண்டு பெண் குழந்தைகள் மாற்றப்படுகின்றன, பணக்கார வீட்டுப் பெண் ஏழை வீட்டில் வளர்கிறாள், ஏழை வீட்டுப் பெண் பணக்கார வீட்டில், உண்மை ஒரு டைரியில் இருக்கிறது, அந்த டைரி யார் கையில் சிக்கும் என்று வருஷக்கணக்கில் இழுக்கிறார்கள். 2000த்தில் ஆரம்பித்து 2002 வரை போன 'பங்காகோ சா யோ'வில் ஆமோர் என்கிற வேலைக்காரப் பெண் முதலாளி வீட்டுப் பையனைக் காதலித்து, துரத்தப்பட்டு, பிற்பாடு பெரும் பணக்காரியாகத் திரும்பி வந்து பழி வாங்குகிறாள், அதற்குள் அவள் பெற்ற பெண் அதே வீட்டுப் பையனைக் காதலித்துக்கொண்டிருக்கிறாள். தெலெசெர்யே என்ற பெயரே இந்த சீரியல் வந்த பிறகுதான் எல்லார் வாயிலும் நின்றது. மலேசியாவிலிருந்து ஆப்பிரிக்க நாடுகள் வரை போய் ஓடியிருக்கிறது.

அப்புறம் எதற்கு நேரம் செலவழித்துப் பார்க்க வேண்டும்? நல்ல கேள்வி.

ஒன்று, முடிக்கிறார்கள். மேலே சொன்ன பழைய சீரியல்கள் மாதிரி இல்லை, இப்போது பெரும்பாலானவை ஆறேழு மாதம், மிஞ்சிப்போனால் ஒரு வருஷம், அதற்குள் கல்யாணமோ கருமாதியோ நடந்து கதை முடிந்துவிடுகிறது. நம் சீரியலில் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த புடவை கல்யாணத்துக்குள் நைந்துபோகும். இன்னொன்று அறை. அறைக்கு அங்கே சம்பால் என்று பெயர், அது இல்லாமல் தெலெசெர்யே கிடையாது. நம்மிடம் ஒரு அறை விழுந்தால் மூன்று தடவை திருப்பிக் காட்டி, வீட்டில் உள்ள பதினோரு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டி, இடி சத்தம் போட்டு, தொடரும் போட்டு அனுப்பிவிடுவார்கள். அங்கே அறை வாங்கியவள் அடுத்த நொடியே திருப்பி ஒன்று வைக்கிறாள், நாலு வசனம் நறுக்கென்று பேசுகிறாள், காட்சி நகர்ந்துவிடுகிறது. அத்தைக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "இவளுங்க கடன் வெக்கறதில்ல" என்கிறார்.

மொழி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் சொல்வதற்கு முன்பே அத்தைக்குச் சில வார்த்தைகள் புரிய ஆரம்பித்தன, எனக்கு ஒரே ஆச்சரியம். முகத்துக்கு அங்கே முகா. வாத்தியாருக்கு குரோ. நம்பிக்கைக்கு ஆசா. ஏழைக்கு துக்கா. வடமொழிச் சொற்கள் மலாய் வழியாகக் கடல் தாண்டிப் போய் அங்கே தங்கியிருக்கின்றன. காதலிப்பதுபோல் பேசிவிட்டுக் கழற்றிவிடுகிற பையனுக்கு பாஆசா என்று பெயராம், அந்த ஆசா இருக்கிறதே அதிலிருந்து வந்தது. நாம் ஆசை காட்டி மோசம் செய்தவன் என்று ஒரு வாக்கியமாகச் சொல்வதை அவர்கள் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் அதிகம் பேச்சு கிளப்பியது கள்ளக்காதல் சீரியல்கள். 'தி லீகல் வைஃப்' என்று 2014ல் வந்தது, பெயரிலேயே விஷயம் இருக்கிறது. இந்த மாதிரிக் கதை அங்கே இவ்வளவு ஏன் ஓடுகிறது என்று முதலில் எனக்குப் புரியவில்லை, பிறகுதான் தங்கை மகள் சொன்னாள், அந்த நாட்டில் விவாகரத்துச் சட்டமே கிடையாது. முஸ்லிம்களுக்கு மட்டும் தனிச் சட்டம் உண்டு. மற்றவர்கள் கோர்ட்டுக்குப் போய் இந்தக் கல்யாணமே செல்லாது என்று நிரூபிக்க வேண்டும், அதற்குக் காசும் வருஷங்களும் ஆகும். இதை அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப இந்தப் பொண்ணு எங்கதான் போவா?" என்றார். நம் சீரியலில் மனைவி போகாமல் இருப்பது அவள் நல்லவள் என்று காட்ட. அங்கே அவள் போக வழியே இல்லை. அந்த ஒரு தகவல் தெரிந்த பிறகு அதே காட்சிகளை வேறு மாதிரி பார்த்தோம், அந்த அம்மா கத்துவதில் எனக்கு நடிப்பே தெரியவில்லை.

2013ல் 'மை ஹஸ்பண்ட்ஸ் லவர்' என்று ஒன்று. தலைப்பைப் பார்த்ததும் புரிந்திருக்கும், கணவனுக்குக் காதலி இல்லை, காதலன். கத்தோலிக்க நாட்டில், ராத்திரி குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து பார்க்கிற நேரத்தில் போட்டார்கள். திருச்சபை முகம் சுளித்தது, ஜனங்கள் பார்த்தார்கள். இதை அத்தைக்கு டப்பிங் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை, நான் தனியாகத்தான் பார்த்தேன். மூன்று பேரில் யாரையும் கெட்டவராக ஆக்காமல் கதையை நடத்தியிருக்கிறார்கள், அதற்காகவே பார்க்கலாம்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்ததற்கு வருகிறேன். 'மரியா க்ளாரா அத் இபார்ரா', 2022 அக்டோபரில் தொடங்கி 2023 பிப்ரவரியில் முடிந்தது. ஹோசே ரிசால் என்பவர் அந்த நாட்டுத் தேசிய வீரர், கண் டாக்டர், எழுத்தாளர். அப்போது நாட்டை ஆண்ட ஸ்பெயின்காரர்களையும் அவர்களுடைய பாதிரியார்களையும் கிழித்து 1887ல் ஒரு நாவல் எழுதினார், 1896 டிசம்பர் 30 அன்று சுட்டுக் கொன்றார்கள். அவர் நூல்களைப் பள்ளி, கல்லூரிகளில் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்று 1956லிருந்து சட்டமே இருக்கிறது. கட்டாயம் என்றால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா, மனப்பாடப் பகுதி மாதிரி ஆகிவிடும். சீரியலில் க்ளே என்று ஒரு நர்சிங் மாணவி, இந்தக் காலத்துப் பெண், இதெல்லாம் எதற்கு என்று அந்த வகுப்பில் கோட்டை விடுகிறாள். வாத்தியார் ஒரு பழைய புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். படித்துக்கொண்டே தூங்கியவள் விழித்துப் பார்த்தால் அந்த நாவலுக்குள்ளேயே இருக்கிறாள். ஸ்பானிஷ் காலத்தில் போய் நின்று, பெண்களுக்கு ஏன் படிப்பு இல்லை, பாதிரியார் சொன்னால் ஏன் தலையாட்டுகிறீர்கள் என்று நாவலின் பாத்திரங்களிடமே கேட்கிறாள். பிள்ளைகள் அந்த நாவலைத் தேடிப் படிக்க ஆரம்பித்தார்கள், வாத்தியார்கள் வகுப்பில் சீரியலைப் பேசினார்கள். நாங்கள் கோட்டைப் பக்கம் வாக்கிங் போகிறவர்கள், 1806ல் சிப்பாய்கள் அங்கே என்ன செய்தார்கள் என்று என் பையனுக்கு இரண்டு மார்க் கேள்வி அளவுக்குத்தான் தெரியும். ஒரு வேலூர்ப் பெண் மோதிரம் தேடி அகழிப் பக்கம் போய் 1806க்குள் விழுந்துவிட்டாள் என்று யாராவது ஒரு சீரியல் எடுத்தால் நான் விளம்பரத்தைக்கூடத் தள்ளாமல் பார்ப்பேன்.

அந்த க்ளேயாக நடித்தவர் பார்பி ஃபொர்தேசா. அற்புதமான நடிகை. ஆனால் இதே பெண்ணுக்கு 2011ல் 'நிதா நெக்ரிதா' என்ற சீரியலில் உடம்பெல்லாம் கறுப்பு பூசி நடிக்க வைத்திருக்கிறார்கள், கறுப்பாகப் பிறந்ததால் கஷ்டப்படுகிற பெண்ணாம். கறுப்புப் பெண்ணின் கதைக்குச் சிவப்புப் பெண்ணைப் பிடித்து மை பூசுகிற புத்தி நமக்கு மட்டும்தான் சொந்தம் என்று நினைத்திருந்தேன், அங்கேயும் அதே கூத்து. கதாநாயகிகள் முக்கால்வாசிப் பேர் அரை வெள்ளைக்கார முகம். தங்கை மகள் படிக்கிற ஊரில் சந்தையில் பார்க்கிற முகங்கள் டிவியில் வேலைக்காரியாகத்தான் வருகின்றன என்று அவளே சொன்னாள். இதற்கு நான் தாராளமாக மார்க் குறைப்பேன்.

இன்னொரு குறை கடைசி வாரம். எந்தக் கதையாக இருந்தாலும் கடைசி வாரத்தில் ஹீரோயினைக் கடத்திக்கொண்டு போய் ஒரு பாழடைந்த கிடங்கில் கட்டிப்போட்டு, துப்பாக்கிச் சண்டை போட்டு, வில்லியைச் சாகடித்து, அப்புறம் கடற்கரையில் கல்யாணம். குடும்பக் கதைக்கு எதற்கு அவ்வளவு தோட்டா என்று தெரியவில்லை.

சீரியலைப் பார்த்து யாருக்குக் கோபம் வருகிறது என்று கவனிப்பது என் வழக்கம். நம் சீரியலைப் பார்த்துக் கோபப்படுவது என் வீட்டுக்காரர் மட்டும்தான், அதுவும் நியூஸ் பார்க்க விடவில்லை என்று. அங்கே 2018ல் போலீஸ் துறைக்கே கோபம் வந்தது. 'அங் ப்ரொபின்ஸ்யானோ' என்ற சீரியலில் கோகோ மார்ட்டின் நடிக்கிற கார்தோ என்கிற நேர்மையான போலீஸ்காரன், அவனைச் சுற்றி மேலிடம் வரை கெட்ட போலீஸ்காரர்கள். எங்கள் மானத்தை வாங்குகிறாய், இனிமேல் யூனிஃபார்மும் வண்டியும் கிடையாது என்றார்கள். அப்புறம் சமாதானம் ஆகிவிட்டது, அது வேறு கதை. ஆனாலும் கோபப்பட்டார்களே. சீரியலில் பேசியது நாட்டு நடப்புக்கு அவ்வளவு பக்கத்தில் போயிருக்கிறது.

சிரிப்புக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2015ல் மதிய நேர நிகழ்ச்சி ஒன்றில் 'ஆல்டப்' என்கிற ஜோடியை வைத்து ஒரு தெரு சீரியல், கேலிக்கு ஆரம்பித்தது. பையன் ஸ்டுடியோவில், பெண் வேறு இடத்தில், திரை இரண்டாகப் பிரிந்து இருவரும் பார்த்துக்கொள்வார்கள், சந்திக்க விடமாட்டாள் ஒரு பாட்டி. எல்லாம் சரியான நேரத்தில் என்பதுதான் அவள் பாட்டு. பாட்டியாக நடித்தது ஒரு ஆண். மூன்று மாதம் நாடே அந்தச் சந்திப்புக்குக் காத்திருந்து, அக்டோபர் 24 அன்று ட்விட்டரில் நாலு கோடிக்கு மேல் பதிவுகள் விழுந்தன. பாட்டி பேச்சு பார்த்தால் அத்தையேதான், நான் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

எடுக்கிறவர்கள் நிலைமை அவ்வளவு சிரிப்பாக இல்லை. 2019ல் எடி கார்சியா என்ற 90 வயது நடிகர் ஒரு சீரியல் படப்பிடிப்பில் தடுக்கி விழுந்து, கழுத்து எலும்பு முறிந்து, சில நாளில் இறந்துபோனார். படப்பிடிப்பில் வேலை நேரத்துக்கும் பாதுகாப்புக்கும் வரம்பு வைத்து 2024ல் அவர் பெயரிலேயே சட்டம் போட்டார்கள். 2020 மே மாதம் ஏபிஎஸ்-சிபிஎன் என்கிற மிகப் பெரிய டிவிக்கு லைசென்ஸ் காலாவதியாகி, ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், ஜூலையில் நாடாளுமன்றக் குழு 70க்கு 11 என்று ஓட்டுப் போட்டுப் புதுப்பிக்க மறுத்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று நம் ஊரைச் சொல்வார்களே, அதுமாதிரி அலைவரிசை இல்லாத டிவி. அப்படியும் சீரியல் எடுப்பதை நிறுத்தவில்லை, அடுத்தவர் சேனலில் போட்டார்கள், இணையத்தில் போட்டார்கள், 2023ல் ஜென்மப் பகையாளியான ஜிஎம்ஏ டிவியோடு சேர்ந்தே ஒரு சீரியல் எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு யூடியூபில் இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதற்கு அந்த அடியும் ஒரு காரணம்.

பார்க்க நினைப்பவர்களுக்கு: யூடியூபில் இங்கிலீஷ் சப்டைட்டில் என்று சேர்த்துத் தேடுங்கள், பழைய சீரியல்களில் ஒரு எபிசோடை நாலு துண்டாக வெட்டிப் போட்டிருப்பார்கள், வரிசை பார்த்துப் போடாவிட்டால் செத்தவன் எழுந்து வருவான். சப்டைட்டில் சில இடத்தில் மொட்டையாக இருக்கும், திட்டுகளை எல்லாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள், அங்கே நான் காட்பாடி பஸ் ஸ்டாண்டில் கற்றதை வைத்துச் சமாளிக்கிறேன். முதல் தடவை பார்ப்பவர்கள் மரியா க்ளாராவில் ஆரம்பிக்கலாம். மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை, மரியா க்ளாராவுக்கு மட்டும் நாலரை.

ப்ரொபின்ஸ்யானோவில் மட்டும் யாரும் தெரியாமல் கால் வைக்காதீர்கள். சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா, இது அதற்குப் பெரிய விதிவிலக்கு, 2015 செப்டம்பரிலிருந்து 2022 ஆகஸ்ட் வரை 1,696 எபிசோடு. செத்துப்போன இரட்டைச் சகோதரன் இடத்துக்கு கார்தோ போவதில் கதை ஆரம்பிக்கிறது, இரட்டை வேஷம் என்றதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இப்போது 212ல் இருக்கிறோம். தினம் ஒன்று என்றால் இன்னும் நாலு வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். அத்தை யோசித்துவிட்டு, "அதுக்குள்ள அந்தப் பொண்ணு டாக்டராயி வந்துடுவா, அப்பால அவளே படிச்சிச் சொல்லட்டும், உனக்குத் தொண்ட கட்டிகினு கீது" என்றார்.