ஆறு வருடம் சொந்த இணையதளம் வைத்திருந்ததில் தெரிந்துகொண்டவை

புத்தக அட்டை வடிவமைப்பும் ஓவியமும் என் தொழில். எல்லாமே ஃப்ரீலான்ஸ். சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்கி ஆறு வருடம் ஆகிவிட்டது. முதல் மாதத்திலேயே இதை எழுதியிருந்தால் தீம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுதான் எழுதியிருப்பேன். இப்போது சொல்ல வேண்டியவை வேறு.

அதற்கு முன்னால் வடிவமைப்பாளர்கள் படைப்புகளைக் காட்டும் தளமான பிஹான்ஸிலும், இன்ஸ்டாகிராமிலும் மட்டும் படங்களைப் போட்டுவந்தேன். பாராட்டு நிறைய வந்தது, வேலை அவ்வளவாக வரவில்லை. அங்கே என் படங்களைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலவே வரைகிறவர்கள். வேலை கொடுக்க வருகிறவருக்கோ வேறு கேள்விகள் இருக்கின்றன. சொன்ன தேதிக்குக் கொடுப்பாரா? திருத்தம் கேட்டால் முகம் சுளிக்காமல் செய்வாரா? அவற்றுக்குப் பதில் சொல்ல எனக்கென்று ஓர் இடம் தேவைப்பட்டது.

இணையதளம் உருவாக்க உதவும் வேர்ட்பிரஸை எடுத்தேன். அதில் இரண்டு வகை உண்டு என்பது புதிதாக வருகிற பலருக்குத் தெரிவதில்லை. வேர்ட்பிரஸ்.காம் என்பது இடத்தையும் அவர்களே கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் சேவை. வேர்ட்பிரஸ்.ஆர்க்கில் கிடைப்பது இலவச மென்பொருள், ஹோஸ்டிங்கை, அதாவது தளத்தின் கோப்புகளை வைக்கும் சர்வர் இடத்தை, நாம் தனியாக வாங்கி நிறுவிக்கொள்ள வேண்டும். நான் எடுத்தது இரண்டாவது. 2003இல் வந்த மென்பொருள் என்பதால் நமக்கு வரும் சந்தேகம் ஏற்கெனவே யாருக்காவது வந்து, பதிலும் கிடைத்திருக்கும். ஆனால் அப்டேட், பேக்கப் எல்லாம் நம் பொறுப்பு. மாதத்தில் ஒரு மணி நேரம்கூட அதற்கு ஒதுக்க முடியாது என்பவர் முதல் வகைக்கே போவது நல்லது.

இரண்டாவது வருடம் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான்கு மாதம் தொடர்பு படிவம் வழியாக ஒரு விசாரிப்புகூட வரவில்லை. வேலை மந்தமான காலம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு முகப்பை மாற்றினேன், நிறத்தை மாற்றினேன். ஒருநாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, “படிவத்தை நிரப்பி அனுப்பி மூணு வாரம் ஆச்சு. இப்பல்லாம் வேலை எடுக்கிறதில்லையா?” என்று கேட்டார். நெஞ்சு திக்கென்றது. நானே ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பார்த்தேன். ‘நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது’ என்று திரையில் வந்தது. என் அஞ்சல்பெட்டியில் எதுவும் இல்லை, ஸ்பேமிலும் இல்லை.

காரணம் இதுதான். வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், வேர்ட்பிரஸ் ஹோஸ்டிங் சர்வரிலிருந்தே நேரடியாக அஞ்சலை அனுப்பும். அந்த சர்வர் உங்கள் பெயரில் அனுப்ப உரிமை பெற்றது என்பதற்கு டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) பதிவுகளில் சான்று இல்லாவிட்டால், அஞ்சலைப் பெறும் சேவை அதைச் சத்தமில்லாமல் தள்ளிவிடலாம். என் ஹோஸ்டிங் நிறுவனம் சர்வரை மாற்றியிருந்தது, எனக்குத் தகவல் சொல்லவில்லை. அப்புறம் முறையான அஞ்சல் சேவை வழியாக அனுப்பவைக்கும் எஸ்எம்டிபி பிளக்இன் (கூடுதல் நிரல்) போட்டு, டொமைனில் அந்தச் சான்றாக அமையும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளைச் சேர்த்தேன். வருகிற ஒவ்வொரு செய்தியும் தளத்துக்குள்ளேயே ஒரு பிரதியாகச் சேமிக்கப்படும்படியும் செய்தேன். மாதம் ஒன்றாம் தேதி வேறொரு முகவரியிலிருந்து நானே படிவத்தை நிரப்பி அனுப்பிப் பார்க்கிறேன், இன்றுவரை. அந்த நான்கு மாதத்தில் எத்தனை பேர் எழுதிவிட்டுக் காத்திருந்தார்களோ என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

படங்களின் எடையும் ஒரு பாடம். அச்சுக்கு அனுப்பும் கோப்பை அப்படியே ஏற்றியிருந்தேன். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். என் முகப்பு மொபைலில் திறப்பதற்குள் வந்தவர் போயே போயிருப்பார். அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து, கோப்பின் எடையைக் குறைக்கும் வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றியதும் சரியானது.

ஆனால் வேலை வரத் தொடங்கியது இவற்றால் அல்ல. 43 படங்களை ஒன்பதாகக் குறைத்தேன். பிடித்த படங்களை நீக்குவது கஷ்டமாகத்தான் இருந்தது. மீந்த ஒன்பதுக்கும் தனித்தனிப் பக்கம் கொடுத்து, அது உருவான கதையை எழுதினேன். ஒரு நாவல் அட்டைக்கு மூன்று பென்சில் வரைவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதலாவதில் ஆளின் முகம், இரண்டாவதில் காலி நாற்காலி, மூன்றாவதில் பாதி திறந்த கதவு. முகத்தைப் போட்டால் வாசகர் தானாகக் கற்பனை செய்ய இடமில்லாமல் போகிறது என்று பதிப்பாளர் சொன்னதையும், கதவைத் தேர்ந்தெடுத்ததையும் எழுதினேன். (வரைவுகளைக் காட்ட அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான்.) அடுத்து வந்த மூன்று வாடிக்கையாளர்கள் அந்தக் கதவைக் குறிப்பிட்டே பேசத் தொடங்கினார்கள்.

விசாரிக்கிறவர்களிடம் எப்படி வந்தீர்கள் என்று கேட்டுக் குறித்துவைக்கிறேன். அறிமுகமே இல்லாமல் தேடலில் வந்தவர்கள் குறைவு. பெரும்பாலோர் யாரோ சொல்லி என் பெயரைக் கேள்விப்பட்டு, அந்தப் பெயரைத் தேடி வந்தவர்கள். அவர்கள் முடிவெடுப்பது தளத்தில்தான். இது புரிந்த பிறகு தேடலில் மேலே வரும் முயற்சியில் நேரம் செலவழிப்பதை நிறுத்தினேன். அந்த நேரத்தில் தொடக்கக் கட்டணம், எத்தனை திருத்தம், எத்தனை வாரம் என்று தெளிவாக ஒரு பக்கம் எழுதினேன். விசாரிப்புகள் குறைந்தன. வருகிற விசாரிப்புகளில் பாதிக்கு மேல் வேலையாக மாறுகின்றன.

டொமைனை ஹோஸ்டிங் நிறுவனத்திடமே வாங்காமல் தனி இடத்தில் வாங்குங்கள், புதுப்பிப்பு நினைவூட்டல் நீங்கள் தினமும் பார்க்கிற முகவரிக்கு வரட்டும். ஹோஸ்டிங்கை நான் இரண்டு முறை மாற்றினேன். டொமைன் தனியாக இருந்ததால் இரண்டு முறையும் ஒரு மாலை நேரத்தில் வேலை முடிந்தது.

இந்த மாதம் ஒன்பதில் இரண்டை எடுத்துவிட்டு, போன வருடம் செய்த சிறுவர் புத்தகத்தை வைக்கப் போகிறேன். வரைவுகள் தயார். பதிப்பாளரின் அனுமதிக்குக் காத்திருக்கிறேன்.